இடம் மாறிய குழாய்

அத்தியாயம் 5

"பாத்ரூம்ல மட்டும் மனுஷனுக்கு நடிக்க வராது, கண்டக்டர். அதனால அங்கேருந்து ஆரம்பிப்போம்" என்றார் மீட்டர் மேடம்.

"போன கேஸ்ல சாக்கடையிலேருந்து ஆரம்பிச்சோம் மேடம். இது பதவி உயர்வுதான்" என்றான் கண்டக்டர்.

மேடம் இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். எந்த வீட்டில் விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டான், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதையெல்லாம் மீட்டர் முள்ளை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு ஓயவில்லை. துப்பறிய வந்துவிட்டார். கண்டக்டர் பதினைந்து வருஷம் பஸ்ஸில் நின்றவன். குதிகால் போயிற்று, வேலை போயிற்று, வாய் மட்டும் போகவில்லை. அந்த வாயை நம்பித்தான் மேடம் அவனைச் சேர்த்துக்கொண்டார்.

மணி இரண்டு. எண்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு பிளம்பர் உட்கார்ந்திருந்தான். சுண்டுவிரலில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர். அவசரத்துக்கு உதவும் என்று எப்போதோ மாட்டியது, கழற்றவே இல்லை. அவன் பெயரும் வாஷர் என்றே ஆகிவிட்டது.

"உன்னைத்தான் பாக்க வந்தோம்" என்றார் மேடம். "மூணாவது மாடி டீச்சர்தான் எங்களைக் கூப்பிட்டாங்க. அவங்க வீட்டுல பாத்ரூமைப் புதுப்பிச்சது நீதானே?"

"ஆமாங்க மேடம்."

"அந்தச் சமயத்துலதான் டீச்சர் வீட்டுக்காரரோட கல்யாண மோதிரம் காணாமப் போயிருக்கு. பேசின் பலகை மேல கழட்டி வச்சாராம்."

"நான் எடுக்கலைங்க."

"அதை அப்புறம் பாப்போம். கமோடுக்குத் தண்ணி வர்ற குழாயை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்தியிருக்க. யார் மாத்தச் சொன்னா?"

வாஷர் தலை குனிந்தான். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் மாத்தினேன்."

"ஏன்?"

"பழைய இடம் சரியில்ல."

"பன்னெண்டு வருஷமா சரியா இருந்த இடம் போன வாரம் எப்படிய்யா சரியில்லாமப் போச்சு?"

வாஷர் சுண்டுவிரலில் ரப்பரைத் திருகினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. "அதுக்கு மேல கேக்காதீங்க மேடம். வாக்குன்னு ஒண்ணு இருக்கு."

கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளியின் மேஜை மேல் ஒரு நீளமான நோட்டு கிடந்தது. உள்ளே வேலைக்கு வரலாம் என்று அனுமதி உள்ளவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஐந்து மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். அதில் வாஷர் பெயரை அடிக்கப் போகிறார்கள். இந்தக் கேட்டில் அடித்தால் அடுத்த கேட்டிலும் அடிப்பார்கள். கேட்டுக்குக் கேட்டு காது உண்டு, வாயும் உண்டு. 'திருட்டுப் பிளம்பர்' என்று ஒரு தடவை பேர் ஆகிவிட்டால், பிறகு எவன் வீட்டில் குழாய் வெடித்தாலும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

"யோவ்" என்றான் கண்டக்டர். "வாஷருக்கு வேலையே கசிவை நிறுத்தறதுதான். ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு சொட்டுக்கூட கசியாம இப்படியா உக்காந்திருப்ப? உன் பொழப்பே போயிடும்யா."

வாஷர் சிரித்தான். உதடுதான் சிரித்தது.

"மேல போங்க மேடம். வேலை எப்படிப் பண்ணியிருக்கேன்னு பாத்துட்டு வாங்க. அதுல தப்பு இருந்தா என்னை அடிங்க" என்றான்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் ஏறி முடிப்பதற்குள் கண்டக்டரின் குதிகால் அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துவிட்டது.

கதவைத் திறந்த டீச்சர் கழுத்தில் விசில் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பத்து நாள் பிள்ளைகளைப் பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கோப்பையோடு போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்திருக்கிறாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனுக்கும் சேர்த்தே பேசினாள்.

"உக்காருங்க! முதல்ல கேக் சாப்பிடுங்க! எங்க டீம் ஜெயிச்சதுக்கு எங்க வீட்டுக்காரர் போட்டது!"

வீட்டுக்காரர் பேக்கரியில் கேக் மாஸ்டர். டீச்சரின் அண்ணனுடைய பேக்கரி. மேஜையில் பாதி கேக் இருந்தது. 'வெற்றி நமதே' என்று எழுதியதில் 'வெற்றி'யை ஏற்கெனவே யாரோ தின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்த எழுத்துகள் ஈஷிக்கொண்டு கிடந்தன.

"என்னங்க, ஓடற பஸ்ல உக்காந்து எழுதினாரா?" என்றான் கண்டக்டர், 'ந'வை வாயில் போட்டுக்கொண்டே.

"அவசரமாம்! இல்லேன்னா அவர் எழுத்து முத்து முத்தா இருக்கும். எங்கண்ணன் அடுத்த மாசம் புதுசா ஒரு கடை திறக்கறான். அதுக்கு இவர்தான் பெரிய மாஸ்டர். அந்த எழுத்துக்காகத்தான் பதவியே!"

"பாத்ரூமைக் காட்டுங்க" என்றார் மேடம்.

வெளிர்ப் பச்சை டைல்ஸ். புது பேசின், புது கமோடு. சுவரில் ஒரு கோணல் இல்லை, சிமெண்டுக் கறை இல்லை. கதவுக்கு எதிரே கமோடு. மூன்று பேரும் அதற்கு முன்னால் நீதிபதிகள் மாதிரி வரிசையாக நின்றார்கள்.

"பாருங்க! முன்னாடி எங்க இருந்துச்சு? இங்க, இடது பக்கம். இப்ப எங்க இருக்கு? வலது பக்கம்! நல்லா இருந்த சுவத்துல ரெண்டடி நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, குழாய் விட்டு, பூசி, மேல டைல்ஸ் ஒட்டியிருக்கான். வேலை மெனக்கெட்டு எவனாவது இப்படிப் பண்ணுவானா? மோதிரத்தை உள்ள வச்சுப் பூசியிருக்கான். கூட்டமெல்லாம் அடங்கின பிறகு ரிப்பேர்னு வந்து எடுத்துட்டுப் போவான்!"

மேடம் குனிந்தார். சுவரிலிருந்து குழாய் வெளியே வரும் இடத்தில் பளபளவென்று ஒரு வால்வு. அதிலிருந்து ஒரு டியூப் ஃபிளஷ் டேங்குக்குப் போயிற்று. இன்னொன்று, பிடித்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரேக்குப் போயிற்று. ஸ்பிரே அந்தப் பக்கத்துக் கொக்கியிலேயே தொங்கியது. பழைய இடத்தில், இந்தக் கோடியில், டைல்ஸுக்கு நடுவே வட்டமாக ஒரு ஸ்டீல் தட்டும் அதன் நடுவில் ஒரு மூடியும் மட்டும் இருந்தன.

"நின்னு பாத்தா நம்ம வலது கைக்கு நேரா இருக்கு. வசதிக்காக மாத்தின மாதிரிதான் தெரியுது" என்றார் மேடம். "வசதிக்குன்னா அதைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. வாக்கு கீக்குன்னு ஏன் வாயை மூடிக்கிட்டான்?"

கண்டக்டரின் கண் பேசின் பக்கம் போயிற்று. பற்பசைக்கு மூடி இல்லை. ஷேவிங் பிரஷ் காய்ந்து கட்டையாகிக் கிடந்தது. வாளியில் ஊறிய துணியில் ஐந்து டீ-ஷர்ட். ஒரு சட்டைகூட இல்லை.

"சார் சட்டை போடறதில்லையா?"

"நான் ஊருக்குப் போயிட்டு வந்ததுலேருந்து டீ-ஷர்ட்தான். தாடி வேற வளக்கறார். கேட்டா, ஸ்டைலாம். விடியறதுக்கு முன்னாடி போனா, நான் தூங்கின பிறகுதான் வர்றார்" என்றாள் டீச்சர்.

கண்டக்டர் மேடத்தின் காதருகே போனான். "தாடி, டீ-ஷர்ட், கையில கல்யாண மோதிரத்தை மட்டும் காணோம். மேடம், இது குழாய் கேஸ் இல்ல. காதல் கேஸ்."

அவன் ரகசியம் பேசினாலும் பஸ்ஸின் பின் சீட்டு வரைக்கும் கேட்கும். டீச்சருக்கு இரண்டடி தூரம். கேட்காமல் இருக்குமா?

டீச்சர் விசிலை விரலில் சுற்றினாள். பிறகு அவளுக்கே உரியதில்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்: "அதனாலதான் சொல்றேன். சுவத்தை உடைங்க. மோதிரம் உள்ளதான் இருக்கணும்."

கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். மோதிரம் சுவருக்குள் இருந்தால் பிளம்பர் திருடன். சுவருக்குள் இல்லாவிட்டால்? அந்தப் பக்கம் போவதற்கு டீச்சருக்குத் தைரியம் இல்லை. ஒரு வீடு உடையாமல் இருக்க ஒரு பிளம்பர் உடைந்தால் பரவாயில்லை என்று அவளுடைய மனசு கணக்குப் போட்டிருக்கிறது. பாவம்தான். ஆனால் வாளி மேல் உட்கார்ந்திருக்கிறவன் அதைவிடப் பாவம்.

"சுவத்தை உடைக்க வேண்டாம். முதல்ல இந்த மூடியைக் கழட்டிப் பாப்போம். ஸ்பானர் இருக்கா?" என்றார் மேடம்.

ஸ்பானர் வந்தது. கண்டக்டர் மண்டியிட்டான்.

"உபயோகம் இல்லாத பழைய குழாய். உள்ள காத்துதான் இருக்கும். மோதிரம் இருந்தா எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும் மேடம்" என்றபடி திருகினான்.

மூடி கழன்றது. அடுத்த கணம் அது அவன் காதுக்குப் பக்கத்தில் பறந்தது. பின்னாலேயே தண்ணீர், தும்பிக்கை கனத்துக்கு, நேராக அவன் மூஞ்சியில் அறைந்தது.

"ஐயோ! மேடம்! உசிரோட இருக்கு! குழாய் உசிரோட இருக்கு!"

டீச்சர் பழக்க தோஷத்தில் விசில் ஊதினாள். தண்ணீர் நிற்கவில்லை. ஓடிப்போய் வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வை மூடினாள். அதற்குள் கண்டக்டர் முழுசாக ஒரு குளியல் முடித்திருந்தான். மூடியைத் தேடிப் பிடித்து, கை கொண்ட மட்டும் இறுக்கித் திரும்ப மாட்டினான்.

மேடம் ஒதுங்கி நின்று யோசித்தார். "மோதிரம் இல்ல. சரி. ஆனா பழைய வாய்ல இன்னும் தண்ணி ஓடுது பாத்தியா? ஒளிக்கறவன் இதை வெட்டி அடைச்சு, மேல டைல்ஸ் ஒட்டி, தடயமே இல்லாம ஆக்கியிருப்பான். இவன் உயிரோட விட்டு, ஒரு மூடியை மட்டும் போட்டு வச்சிருக்கான். புதைச்ச மாதிரி தெரியல கண்டக்டர். தூங்க வச்ச மாதிரி இருக்கு."

கண்டக்டருக்குத் தத்துவம் கேட்கும் நிலை இல்லை. சட்டை பிழியப் பிழியக் கொட்டியது. குதிகால் விண் விண் என்றது. கமோடு மூடியைச் சாத்தி அதன் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். கால் விரல் இடுக்கெல்லாம் தேங்காய் நார் மாதிரி பழைய குழாய் அழுக்கு. கழுவிக்கொள்ளலாம் என்று ஸ்பிரேக்காக வலது கையை நீட்டினான்.

வெறும் சுவர்.

இன்னும் கொஞ்சம் பின்னால் துழாவினான். ஸ்டீல் தட்டு தட்டுப்பட்டது. ஸ்பிரே இல்லை. திரும்பிப் பார்த்தால் அது இந்தப் பக்கம், இடது தோளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றான்.

"என்ன?"

"நான் பஸ்ல முன்னாடி நின்னுகிட்டு, ஜனங்களைப் பாத்து 'வலது பக்க சீட்டு காலி'ம்பேன். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவாங்க. திட்டுவாங்க. என் வலது அவங்களுக்கு இடது."

"அதுக்கு இப்ப என்னய்யா?"

"நாம மூணு பேரும் கமோடை நின்னுகிட்டுப் பாத்தோம் மேடம். கமோடுங்கறது நிக்கற சீட்டா?"

மேடம் கமோடையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "எந்திரி" என்றார். அவன் எழுந்தான். அவர் உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார்: சுவர். இடது கையை நீட்டினார்: ஸ்பிரே தானாக வந்து கைக்குள் உட்கார்ந்தது.

"இருபத்திரண்டு வருஷம் எல்லாத்தையும் நின்னே பாத்துட்டேன்யா" என்றார் மேடம். "டீச்சர், இந்த வீட்டுல இடது கைப் பழக்கம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லையே! நாங்க ரெண்டே பேருதான். ரெண்டு பேருமே வலது கை."

"பன்னெண்டு வருஷமா வலது கைக்கு வாகா இருந்த தண்ணி, இப்ப இடது கைக்கு வந்திருக்கு. ஸ்பிரேயைப் பிடிச்சு அழுத்தணும். அழுத்த முடியாத கை ஒண்ணு இந்த வீட்டுல இருக்கு." மேடம் எழுந்து போய்ப் பற்பசையைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு ஏன் மூடி இல்ல? திருக முடியல. ஏன் தாடி? பிளேடு பிடிக்க முடியல. சட்டைக்குப் பொத்தான் இருக்கு, டீ-ஷர்ட்டுக்கு இல்ல. கண்டக்டர், நீ காதல்னு நினைச்சதெல்லாம் கஷ்டம்யா."

டீச்சர் விசிலை இறுகப் பிடித்தாள். "அவருக்கா? அவருக்கு என்ன?"

"அவரையே கேட்டுட்டு வர்றோம். அஞ்சு மணிக்குக் கீழ வாங்க. மெயின் வால்வைத் திறந்து விட்டுட்டு வாங்க, மறந்துடாதீங்க."

வெளியே வரும்போது மேடம் மேஜை மேல் இருந்த கேக்கை ஒரு பார்வை பார்த்தார். ஈஷியிருந்த எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் எழுதி முடித்த கையே அடுத்த எழுத்துக்கு நகரும்போது துடைத்துக்கொண்டு போயிருந்தது.

"இடது கையால எழுதினா, எழுதினதைக் கையே அழிச்சுட்டுப் போகும்" என்றார், படி இறங்கிக்கொண்டே. "நீதான் 'ந'வைத் தின்னே. ருசி மட்டும்தான் பாத்தே."

"தடயத்தைத் தின்ன முதல் துப்பறிவாளன் நான்தான் மேடம்" என்றான் கண்டக்டர், நொண்டிக்கொண்டே.

பேக்கரியில் நாலே காலுக்குக் கூட்டம் இல்லை. முதலாளியான டீச்சரின் அண்ணன், புதுக் கடைக்குப் பெயர்ப் பலகை பார்க்கப் போயிருந்தார். பின்கட்டில், வெண்ணெயும் சூடான சர்க்கரையும் மணக்கும் அறையில், கேக் மாஸ்டர் தனியாக இருந்தார். டீ-ஷர்ட், பத்து நாள் தாடி. வலது கை ஏப்ரன் பைக்குள்ளேயே இருந்தது.

"ஒரு கேக் வேணும். பேர் எழுதணும். நாங்க பாக்க எழுதணும்" என்றார் மேடம்.

"எழுதி உள்ள வச்சுடறேன், அரை மணி கழிச்சு வந்து…"

"அவசரம். அஞ்சு மணிக்கு வெட்டணும்."

மாஸ்டர் தயங்கினார். ஒரு வெள்ளை கேக்கை எடுத்து வைத்தார். கிரீம் அடைத்த பையை இடது கையால் எடுத்தார். "என்ன எழுதணும்?"

"வாஷர் திருடன்."

பை கையிலேயே நின்றது.

"எழுதுங்க" என்றார் மேடம், மீட்டர் எண்ணைச் சொல்கிற குரலில். "உங்க குடியிருப்புல இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம். கேட் நோட்டுல அவன் பேரை அடிக்கப் போறாங்க. கேக் வெட்டினா நல்லா இருக்கும்னு பாத்தேன்."

"பேரை அடிக்கறாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே."

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்துடறீங்க, பொண்டாட்டி மூஞ்சியையே பாக்கறதில்ல. யார் சொல்லுவாங்க?"

மாஸ்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார். 'வா' கோணலாக விழுந்தது. 'ஷ' எழுதும்போது கையின் விளிம்பு 'வா'வை இழுத்தது. 'ர்' புள்ளி வைத்தார். அடுத்து 'தி'. நுனியில் கிரீம் திரண்டு நின்றது. விழவில்லை. அவரும் எழுதவில்லை. கடிகாரத்தில் நொடி முள் அரைச் சுற்று போயிருக்கும்.

"முடியல" என்றார்.

"எழுத்தா, மனசா?"

அவர் வலது கையை ஏப்ரன் பையிலிருந்து வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தார். மணிக்கட்டில் பட்டை. விரல்கள் பன் மாதிரி உப்பியிருந்தன.

"இருபது வருஷமா இந்தப் பையைப் பிழிஞ்ச கை. மணிக்கட்டுல நரம்பு அமுங்கிடுச்சாம். அவ ஊருக்குப் போன ரெண்டாம் நாள் விரல் வீங்கிப் போச்சு. மோதிரம் கழட்ட வரல. ஆஸ்பத்திரியில நர்ஸ் வெட்டித்தான் எடுத்தாங்க." அலமாரியிலிருந்து சர்க்கரை முத்து டப்பாவை இறக்கினார். வெள்ளி முத்துகளுக்கு நடுவில் ஒரு மோதிரம், பிளந்து, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. "சின்ன ஆபரேஷன் பண்ணணுமாம்."

"அதைப் பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு என்னங்க?" என்றான் கண்டக்டர்.

"அவகிட்ட சொன்னா அது ஊருக்கே அறிவிப்பு. பத்தாவது நிமிஷம் என் மச்சானுக்குத் தெரியும். 'கை இருக்கற வரைக்கும்தான் மாஸ்டர்'னு கல்யாணத்தன்னைக்கே சொன்னவர் அவர். புதுக் கடை வேற ஆளுக்குப் போயிடும்."

"பாத்ரூம் வேலை நடக்கறப்ப வாஷர்கிட்ட மட்டும் சொன்னீங்க."

"சொல்லல. அவனே பாத்துட்டான். பழைய ஸ்பிரேயை அழுத்த முடியாம நான் அல்லாடறதைப் பாத்துட்டு, 'தண்ணியை அந்தப் பக்கம் கொண்டு வந்துடவா சார்?'னு கேட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு வாக்கு வாங்கினேன். அவ வந்து மோதிரம் எங்கேன்னு கேட்டப்ப, வாய்க்கு வந்தது பேசின். 'போனாப் போகுது விடு'ன்னு எத்தனையோ சொல்லிப் பாத்தேன். அவ விடல."

"நீங்க சொன்ன பொய்க்கு அவன் வாளி மேல உக்காந்திருக்கான்" என்றார் மேடம். "உங்க கை போனா டாக்டர் இருக்கார். அவன் பேர் போனா எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான்?"

மாஸ்டர் மோதிரத்தை டப்பாவிலிருந்து எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். கிரீம் பையை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

ஐந்து மணி. கார் நிறுத்தும் தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் கேட் நோட்டைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கி, பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். காவலாளி வாஷரை உள்ளே கூட்டி வந்து ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். டீச்சர் முதல் வரிசையில், விசில் ஊதாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ எல்லாருக்கும் சம்மதம்னா இந்தப் பேரை…"

"இருங்க" என்று மாஸ்டர் வந்தார். கேக் பெட்டியைச் செயலாளரின் நோட்டு மேலேயே வைத்தார். பேனா வைக்க இடமில்லாமல் போயிற்று. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், வீங்கின கையைத் தூக்கிக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னார். வெட்டின மோதிரத்தை டீச்சர் கையில் கொடுத்தார். பெட்டியைத் திறந்தார். ஈஷின எழுத்தில், 'வாஷர் மன்னிச்சுக்க.'

டீச்சர் மோதிரத்தைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கும்?"

"ஒண்ணுமில்ல!" என்று பழைய குரல் திரும்பி வந்தது, தளமே அதிர்ந்தது. "மூணு நாளா நான் தூங்கல தெரியுமா? எங்கண்ணனை நான் பாத்துக்கறேன். கை இருக்கற வரைக்கும்தான் மாஸ்டராமா? தங்கச்சி இருக்கற வரைக்கும்தான் அவன் அண்ணன்!" பிறகு தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். விளையாட்டு டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "தப்பு என் மேலதான்பா. உன்னைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். மைதானத்துக் குரலிலேயே சொன்னாள், எண்பது வீட்டுக்கும் கேட்கட்டும் என்று.

வாஷர் ரப்பரைத் திருகிக்கொண்டு, "பரவாயில்லைங்க டீச்சர்" என்றான்.

அப்போது செயலாளரின் செல்போன் அடித்தது. அவர் கேட்டார். முகம் மாறியது.

"எங்க வீட்டுச் சுவத்துல மேலேருந்து தண்ணி ஒழுகுதாம். பாத்ரூம்லேருந்து."

"உங்க வீடு எது?" என்றார் மேடம்.

"ரெண்டாவது மாடி. டீச்சர் வீட்டுக்கு நேர் கீழே."

எல்லோரும் மெதுவாகக் கண்டக்டர் பக்கம் திரும்பினார்கள்.

"மூடியைத் திரும்ப மாட்டினீங்களா?" என்றான் வாஷர்.

"மாட்டினேனே. நல்லா இறுக்கினேன்."

"கசியாம இருக்க டேப் சுத்தினீங்களா?"

"என்ன டேப்?"

வாஷர் நெற்றியில் அடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினான்.

"யோவ், இருய்யா" என்றார் செயலாளர், நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. "குழாயைத்தான் அந்தப் பக்கம் மாத்திட்டியே. பழைய பக்கத்தை அடைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே? ஏன் தண்ணியை விட்டு வச்சிருக்கே?"

வாஷர் மாஸ்டரைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று மாஸ்டர் தலையசைத்தார்.

"ஆபரேஷன் பண்ணா கை பழையபடி வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். சார்தான் நம்பல. இனிமே அவ்வளவுதான்டான்னு என்கிட்ட அழுதார். வந்துடும் சார்னேன். வந்துட்டா தண்ணியைத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டு வரணும்ல? அன்னைக்குப் போய்ப் புது டைல்ஸை உடைச்சா நல்லாவா இருக்கும்? அதான் மூடி மட்டும் போட்டு வச்சேன்."

மாஸ்டர் வீங்கின கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

வாஷர் வாளியோடு படியேறினான். இரண்டு படி ஏறினவன் திரும்பி வந்தான். சுண்டுவிரலில் இருந்த ரப்பரைக் கழற்றினான். எத்தனை வருஷமோ, அந்த இடத்தில் தோல் வெளுத்து வட்டமாக இருந்தது. அதை மாஸ்டரின் இடது கைச் சுண்டுவிரலில் மாட்டிவிட்டான்.

"மோதிரம் ஒட்டி வர்ற வரைக்கும் இது இருக்கட்டும் சார். வீங்கினாலும் நீளும். யாரும் வெட்ட வேண்டியதில்ல."

செயலாளர் பேனாவை மூடினார்.

"கண்டக்டர், போலாமா?" என்றார் மேடம்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்ற கண்டக்டர், கேக்கிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டான். 'மன்னிச்சுக்க' முழுசாக அதில் வந்தது. ஸ்பானர் பிடித்து ஒழுக விட்ட கைக்கு அந்த வார்த்தைதான் நியாயம் என்று நினைத்தபடி, வாஷருக்குப் பின்னால், குதிகால் வலிக்க வலிக்க, இரண்டாவது மாடிக்கு வாளி பிடிக்கப் போனான்.